மெதுவா சாரும் எட்டு ஜிபி பரணும்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடிய இரங்கல் கூட்ட ஏற்பாட்டுக் குழு, ஒரு மணி நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, மறைந்தவரின் படத்தை சர்வர் பெட்டியின் மேல் வைப்பதில்லை, சாதாரண மேசையின் மேல் வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது என்பதை இந்தச் சபைக்கு முதலில் அறிவித்துக்கொள்கிறேன். குழுவில் ஏழு பேர். எதிர்த்து வாக்களித்தவர் யாருமில்லை. ஒருவர் நடுநிலை வகித்தார். அவர் டீ வாங்கப் போயிருந்தார். சர்வர் பெட்டியின் மேல்பக்கம் சூடு வெளியேறும் துளைகள் இருக்கின்றன, அதன்மேல் ஒரு தாளைக்கூட வைக்காதீர்கள் என்று இருபத்தாறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தவரின் படத்தையே அங்கே வைப்பது முறையாகாது என்பது தீர்மானத்தின் சாரம். வரலாறு இந்த முடிவை எப்படி எடைபோடும் என்று எனக்குத் தெரியாது. நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றியாகிவிட்டது.

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வகத் தலைமை மருத்துவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக அலுவலர் அவர்களே, ரத்தம் எடுக்கும் பிரிவிலிருந்தும் வார்டுகளிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் செவிலியர்களே, தொழில்நுட்பர்களே, வேலையை விட்டு வர முடியாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனையின் கணினி அறைப் பொறுப்பாளர், நம் எல்லோருக்கும் மெதுவா சார், இன்று நம்மிடையே இல்லை. அவருடன் ஒரே அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். புகழ்ந்து பேச வேண்டும் என்றார்கள். பேசுகிறேன். ஆனால் இன்று நான் இங்கே நிற்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது ஒரே ஒரு வரி.

அவருடைய பணிப்பதிவேட்டின் நகல் போன வாரம் வீட்டுக்குப் போயிருக்கிறது. அதன் கடைசிப் பதிவு இது: "கவனக்குறைவால் ஆய்வகக் கணினி நாற்பத்தேழு நிமிடம் செயலிழக்கக் காரணமாக இருந்தார். காலமாகிவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது." அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய துணைவியார் என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இது அவர் செஞ்சதா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் எழுதியிருக்காங்க?"

நான் அந்தத் தாளை வாங்கி முதலிலிருந்து படித்தேன்.

"இருபத்தாறு வருஷம் தம்பி. கடைசி வரியா இதுதான் இருக்கணுமா? வேற எதுவுமே வேணாம், இதை மட்டும் எடுக்க முடியுமான்னு பாருங்க."

பார்க்கிறேன் என்று சொன்னேன். எப்படிப் பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மீதிப் பேர் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஆய்வகத்தின் கணினி ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கியது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது. அதன் நினைவகம், நாம் மெமரி என்று சொல்வது, எட்டு ஜிபி. விற்றவர் இது ஏழு தலைமுறைக்குப் போதும் என்றார். அவர் நம் மருத்துவமனையின் தலைமுறைக் கணக்கை அறியாதவர். முதலில் அந்தக் கணினி பரிசோதனை முடிவுகளை மட்டும் பார்த்துக்கொண்டது. இரண்டாம் வருடம் ரத்த வங்கி இருப்பும் அதிலேயே வந்தது. பிறகு மருந்தகம் வந்தது. பிறகு மருத்துவர் நேர ஒதுக்கீடு வந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவர் வாசலில் நின்று ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "சின்ன புரோகிராம்தான் சார், ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்." ஓரங்கள் எல்லாம் நிறைந்த பிறகு வரவேற்பறைத் திரையில் ஓடும் நல்வரவுப் படங்களும் அதே கணினிக்கு வந்து சேர்ந்தன.

மெதுவாக இருந்தது. உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தொலைபேசி? "சார், ரொம்ப மெதுவா இருக்கு." அவர் பதில் என்ன? "மெதுவா இருக்குல்ல? அப்ப உயிரோட இருக்கு." இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அவர் வருத்தப்பட்டதில்லை. சுற்றறிக்கை ஒன்றில் யாரோ தவறிப்போய் "மெதுவா சாருக்கு நகல்" என்று தட்டச்சு செய்திருந்தார்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

எட்டு ஜிபியில் பன்னிரண்டு ஜிபி வேலை எப்படி நடந்தது? இந்தக் கேள்வியை ஒருமுறை நம் தலைமை மருத்துவரே அவரிடம் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், உங்க லேப்ல மேசை இருக்கு. வேலை நடக்கறது மேசை மேல. மேசை நெறஞ்சு போச்சு, இன்னொரு டிரே வருதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இப்போதைக்கு வேண்டாததை எடுத்து வேற எடத்துல வைப்பேன்."

"அதுதான் ஸ்வாப். மேசை மெமரி. ஹார்டு டிஸ்க்ல ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கேன், அது பரண். இப்போதைக்கு வேண்டாததைக் கம்ப்யூட்டரே பரண்ல ஏத்திடும். வேணும்னா ஏணி போட்டு ஏறி எடுத்துட்டு வரும். அந்த ஏணி ஏற்ற நேரம்தான் நீங்க மெதுவா இருக்குன்னு சொல்றது."

"பெரிய மேசை வாங்கித் தரச் சொல்லிக் கேக்கலாமே?"

"கேட்டேன் மேடம். ஆறு தடவை."

"என்ன சொன்னாங்க?"

"இருக்கற மேசை நல்லாத்தானே இருக்குன்னாங்க."

தலைமை மருத்துவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பரண் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

காலை ஏழரைக்கு வருவார். பையை வைத்துவிட்டுத் திரையில் எண்கள் ஓடும் ஒரு பக்கத்தைத் திறப்பார். அதில் இரண்டே இரண்டு நெடுவரிசைகளைத்தான் பார்ப்பார். ஒன்று, பரணிலிருந்து இறங்குவது எவ்வளவு. மற்றொன்று, பரணுக்கு ஏறுவது எவ்வளவு. கால் மணி நேரம் பார்த்து, கோடு போட்ட நோட்டில் எழுதுவார். பரணில் இரண்டு ஜிபி கிடக்கிறதே என்று நான் ஒருமுறை பதறியபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "பரண்ல சாமான் இருக்கறது நோய் இல்லய்யா. எந்த வீட்டுப் பரண்ல சாமான் இல்ல? ஏணில ஒருத்தன் ஏறிக்கிட்டும் இறங்கிக்கிட்டுமே இருந்தான்னா, அதுதான் நோய். நீ பரணைப் பாக்காத, ஏணியைப் பாரு." நாம் எல்லோரும் அந்தக் கணினி எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று பார்த்தோம். ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவர்தான்.

லினக்ஸில் ஓர் எண் இருக்கிறது. கணினிக்குப் பரணின் மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண். வாங்கும்போது அறுபது என்று இருக்கும். நம் வேலைக்கு அது அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. பத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நொடியில் மாற்றக்கூடிய எண். அவர் வாரத்துக்கு ஐந்து குறைத்து, குறைத்த வாரம் முழுக்க ஏணியைக் கவனித்து, நோட்டில் எழுதி, பத்து வாரம் எடுத்துக்கொண்டார். பதினோராவது வாரம் முடிவுத்தாள்கள் முன்பைவிடச் சீக்கிரம் வந்தன. யாரும் போன் பண்ணவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல யார் போன் பண்ணுவார்கள்?

"ஒரேயடியா பூஜ்யம் வெச்சுடலாமே சார்?" என்று நான் கேட்டேன்.

"சில வீட்ல பாத்திருக்கியா, ரொம்ப சுத்தம் பாப்பாங்க. பரண்ல ஒரு துரும்பு போகவிட மாட்டாங்க. எல்லாம் கூடத்துலயே கிடக்கும். கடைசில மனுஷன் நிக்க எடம் இருக்காது."

ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது யார் என்றும் அவரே கண்டுபிடித்தார். முடிவுகளையெல்லாம் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் அல்ல. ரத்த வங்கி அல்ல. வரவேற்பறைத் திரையில் நல்வரவு சொல்லும் நிரல்தான் அது. ஒவ்வொரு படம் மாறும்போதும் பழைய படத்தைக் கீழே வைக்காமல் புதிய படத்தைக் கையில் எடுக்கும் பழக்கம் அதற்கு இருந்தது. காலையில் சாதுவாக இருக்கும். மாலைக்குள் மேசையில் கால்வாசி அதனுடையது. அதை வேறு கணினிக்கு மாற்ற அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். நல்வரவு என்பது மருத்துவமனையின் முகம், முகத்தை மாற்றுவதற்குக் குழு அமைக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு, எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், அந்த நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார். திரை பதினோரு நொடி இருட்டாகும். அந்தப் பதினோரு நொடியில் நமக்குக் கிடைத்தது அடுத்த நாள் மதியம் வரைக்குமான மூச்சு.

நம் நிர்வாக அலுவலர் அவர்கள் இரண்டு வருடத்துக்கு முன் பொறுப்பேற்றார்கள். அவர்கள் வந்த பிறகு மின்தூக்கி ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, நான்காம் மாடிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. வேகமாக வேலை நடக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர். அந்த விருப்பத்தில்தான் ஒரு மாதக் கூட்டத்தில், செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்:

"இந்த ஸ்வாப்னு ஒண்ணு இருக்காமே, அதுதான் கம்ப்யூட்டரை ஸ்லோவாக்குதாம். அதை எடுத்துட்டா என்ன?"

"எடுக்கலாம் சார். ஆனா பரணை இடிச்சா மேசை பெருசாகாது."

"எனக்குப் பழமொழி வேணாம். வேகம் வேணும்."

"பழமொழி இல்ல சார். இப்பத்தான் சொன்னேன்."

நிகழ்ச்சிக் குறிப்பில் "கணினி வேகம்: ஆவன செய்யப்படும்" என்று எழுதப்பட்டது. இந்த மருத்துவமனையில் அப்படி எழுதப்பட்ட எதுவும் செய்யப்பட்டதில்லை என்பதால் மெதுவா சார் நிம்மதியாக இருந்தார். அவர் செய்த ஒரே தவறு அதுதான் என்பேன். அடுத்த வாரம் மகளை வெளியூரில் கல்லூரி விடுதியில் சேர்க்க இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அந்த இரண்டு நாளில் முதல் நாள் காலை, "பொறுப்பாளர், கணினி அறை" என்று விலாசமிட்ட ஓர் உத்தரவு அறைக்கு வந்தது. ஸ்வாப்பை நீக்குக. அது பிடித்திருந்த இடத்தைப் புதிய நல்வரவு வீடியோவுக்கு ஒதுக்குக.

அறையில் யார் இருந்தது?

இங்கே நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போது நான் தற்காலிகப் பணியாளர். பதினோரு வருடத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு, உத்தரவு புறப்பட்ட அதே நிர்வாக அலுவலர் மேசையில்தான் இருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்கிறேன், நியாயமாகச் சொல்லவில்லை. பொறுப்பாளர் வரட்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். என் புத்தியைக் காட்டினேன்.

ஸ்வாப்பை அணைத்தால் பரணில் இருப்பதெல்லாம் மேசைக்கு இறங்கும். மேசையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். காலை எட்டு மணி. ரத்தம் எடுக்கும் பிரிவு திறக்கவில்லை. மருந்தகம் திறக்கவில்லை. நல்வரவு நிரலை நானே ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டேன். மூன்று ஜிபி காலி. பரணில் இருந்தது இரண்டு. போதும் என்று முடிவு செய்தேன். ஆளில்லாத நேரத்தில் கூடத்தை அளந்துவிட்டுக் கல்யாணத்துக்கு இடம் தாராளம் என்று சொன்னவன் நான். கணினி தெரியாத ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. அவன் பயந்திருப்பான்.

கட்டளையைத் தட்டினேன். ஏழு நிமிடம் ஆனது. பரண் காலியானது. பரணாக இருந்த ஃபைலை அழித்தேன். புதிய வீடியோவை ஏற்றினேன்.

நண்பர்களே, அடுத்த இரண்டரை மணி நேரம் அந்தக் கணினி பறந்தது. "என்னண்ணே, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் வருது" என்று ரத்தப் பிரிவிலிருந்து வந்து சொன்னார்கள். நிர்வாக அலுவலர் அவர்கள் நேரிலேயே வந்து என் தோளைத் தட்டினார்கள். "இதைத்தானே நான் ஒரு வருஷமா கேட்டுட்டிருந்தேன்" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு மேசை நிறைந்தது. பரண் இல்லை. இந்த நிலையில் லினக்ஸ் என்ன செய்யும்? யாரையும் கேட்காது. அதிக இடம் பிடித்திருப்பவன் யார் என்று பார்த்து, அவனை அங்கேயே கொன்றுவிடும், மற்றவர்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அதிக இடம் பிடித்திருப்பவன் பெரும்பாலும் அதிக வேலை செய்பவன். நம் கணினியில் அது டேட்டாபேஸ். நல்வரவு நிரல் இரண்டாவது இடத்தில் இருந்தது, தப்பித்தது. ஆய்வகம் நின்றது, ரத்த வங்கி நின்றது, மருந்தகம் நின்றது. வரவேற்பறைத் திரை மட்டும் நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தது, முன்பைவிடத் தெளிவான வீடியோவில்.

நாற்பத்தேழு நிமிடம். அறுவை சிகிச்சை அரங்கில் ஒருவருக்கு ரத்தப் பொருத்தம் தெரிய வேண்டியிருந்தது. நம் தொழில்நுட்பர் அதைக் கையால் எழுதிக் கொடுக்க, செவிலியர் ஒருவர் மூன்று மாடி ஓடினார். நோயாளி நலமாக வீடு திரும்பினார். யாருக்கும் உயிருக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் கடைசிச் சில நிமிடங்களில் எந்தக் குழாய் யாருடையது என்று பதிவான விவரம், டிஸ்கில் ஏறுவதற்குள் போய்விட்டது. முப்பத்தொரு பேரிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம். முதல் தடவைக்கு நான்கு குத்து, இரண்டாம் தடவைக்கு ஐந்து. மன்னிப்புக் கேட்க நானே போனேன்.

"ஏம்ப்பா, காலைல எடுத்தீங்களே, அந்த ரத்தம் என்னாச்சு?"

"கம்ப்யூட்டர் நின்னுடுச்சுங்கய்யா."

"அதுக்கு ஏன் என்னைக் குத்துறீங்க?"

இதற்கு விசாரணைக் குழுவும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

டேட்டாபேஸை நான் எழுப்பினேன். எழுந்தது, ஆறு நிமிடத்தில் மறுபடி கொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன். விடுதி வாசலில் மகளின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொல்லுய்யா."

"சார், டேட்டாபேஸ் நின்னு நின்னு போகுது."

"பரண் இருக்கா?"

"இல்ல சார்."

"யாரு?"

"நான்தான் சார். உத்தரவு வந்துச்சு."

"சரி. டிஸ்க்ல எவ்வளவு எடம் இருக்கு பாரு."

"ஒரு ஜிபிதான் சார். வீடியோ ஏத்திட்டேன். அதை அழிச்சுடவா?"

"வேணாம், அதுக்குத் தனியா ஒரு விசாரணை வெப்பாங்க. பிரிண்டர் ஓடின கணக்கு, அந்த லாக், அஞ்சு வருஷத்துது கிடக்கு பாரு, அதைத் தூக்கு. எட்டு ஜிபி கிடைக்கும். பரணுக்கு ஒரு ஃபைல் போடு. போட்டதும் பெர்மிஷனை மாத்து, வேற யாரும் தெறந்து படிக்கற மாதிரி இருக்கக்கூடாது. ஜனங்களோட ரத்த விவரம் எல்லாம் அதுல போய் உக்காரும்யா."

இதைக் கவனியுங்கள். ஆய்வகம் நின்றிருக்கிறது. ஆள் முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். கையில் பெட்டி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் யாருடைய ரத்த விவரமும் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதை மறக்கவில்லை. கட்டளைகளை வரிசையாகச் சொன்னார், நான் தட்டினேன். பதினொன்று முப்பத்தொன்பதுக்கு டேட்டாபேஸ் எழுந்து நின்றது. மெதுவாக.

அன்றிரவே பஸ் ஏறி வந்தார். காலையில் வந்து மூன்று காரியம் செய்தார். கணினி எப்போது அணைந்து எழுந்தாலும் பரணும் தானாக எழும்படி எழுதிவைத்தார். மேசை நிறைந்தால் டேட்டாபேஸின் மேல் மட்டும் கை வைக்காதே என்று குறித்துவைத்தார். நல்வரவு நிரலுக்கு இவ்வளவு இடத்துக்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்டினார். இதையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும் என்று நோட்டில் தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார். படித்தேன்.

பிறகு விசாரணை. கட்டளை தட்டப்பட்டது யாருடைய கணக்கிலிருந்து என்று கணினியைக் கேட்டார்கள். அவருடைய பெயர் வந்தது. கணினி அறைக்கே நிர்வாகக் கணக்கு ஒன்றுதான், அது அவர் பெயரில் இருந்தது. இரண்டாவது கணக்குக்கான விண்ணப்பம் இன்றும் நிலுவையில் இருக்கிறது. அன்று அவர் விடுப்பில் இருந்தார் என்ற தகவல் அவருடைய பணிப்பதிவேட்டில் இருந்தது. விசாரணையின்போது குழு அந்தப் பதிவேட்டைத் திறக்கவில்லை. விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. அவர் எழுதிய பதில் ஐந்து சொற்கள்: "அந்தக் கணினி என் பொறுப்பில் உள்ளது."

நான் நடைபாதையில் அவரை மறித்தேன்.

"ஏன் சார் இப்படி எழுதினீங்க? நான்தான்னு சொல்லிடறேன்."

"உன் ஆர்டர் எப்ப வருது?"

"இந்த மாசம்."

"வரட்டும். என்னை என்ன பண்ணுவாங்க, மெமோ குடுப்பாங்க. வாங்கி வெச்சுக்கறேன். உன்னைப் பண்ணா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கில்ல உனக்கு?"

"தப்பு சார் இது."

"தப்புதான். நிரந்தரமானதும் நீயே போய்ச் சொல்லு. அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். என் நிரந்தர ஆணை அந்த மாதமே வந்தது. இன்றைக்குப் போகலாம், திங்கட்கிழமை போகலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று ஐந்து வாரம் போயிற்று. அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஜாடையாகக்கூடக் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மெதுவா சார் வாழ்க்கையில் சட்டென்று செய்தது அது ஒன்றுதான்.

அவர் இறந்த பிறகு விசாரணைக் குழு தன் பணியைச் செவ்வனே முடித்து அந்த வரியை எழுதியது. மறுக்க ஆளில்லாத குற்றச்சாட்டுக்கு எவ்வளவு வேகம் வருகிறது என்பதை அன்று பார்த்தேன்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதிப் பாதி இது. இன்று காலை ஒன்பது மணிக்கு நிர்வாக அலுவலர் அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். பரணை அணைத்தவன் நான், அன்று பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார் என்று எழுதியிருக்கிறேன். விடுப்புப் பதிவின் நகலும், எனக்கு வந்த உத்தரவின் நகலும் இணைத்திருக்கிறேன். அதன் பிரதியைத் தலைமை மருத்துவர் அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் நின்றபடியே படித்தார்கள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு பணிப்பதிவேட்டை வரவழைத்து, அந்த வரியைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டார்கள். நான்கு நிமிடம். நிர்வாக அலுவலர் அவர்களும் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் தயங்கவில்லை என்பதை இந்தச் சபையில் பதிவு செய்கிறேன்.

இப்போது அவருடைய பணிப்பதிவேட்டின் கடைசி வரி, அதற்கு முன் இருந்த வரி. "மகளை விடுதியில் சேர்க்க இரண்டு நாள் ஈட்டிய விடுப்பு. அனுமதிக்கப்பட்டது."

அன்பர்களே, இரங்கல் கூட்டத்தின் முடிவில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பார்கள். வானளாவ எதையும் அவர் நம்மிடம் கேட்டிருக்க மாட்டார். எனவே சிறியதாகச் சொல்கிறேன். கணினி மெதுவாக இருந்தால் முதலில் ஏணியைப் பார்ப்போம், பிறகு பரணைக் குறை சொல்வோம். ஒரு எண்ணை மாற்றினால் ஒரு வாரம் காத்திருப்போம். ஆளில்லாத நேரத்தில் அளந்துவிட்டு ஆள் நிறைந்த நேரத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டோம். பெரிய மேசை கேட்டு ஏழாவது கடிதத்தை எழுதுவோம். நகல் தயாராக இருக்கிறது, கீழே கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வரலாம். யாருடைய ரத்த விவரமும் அடுத்தவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம். அவர் பார்த்த வேலையை நாம் பார்ப்போம். தினமும் காலை ஏழரைக்கு அந்த இரண்டு நெடுவரிசைகளையும் யாராவது ஒருவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நோட்டு மேசையின் இடதுபுற இழுப்பறையில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை எழுதியாகிவிட்டது.

கணினி அறைச் சாவியை, என் மேல் தொடங்கியிருக்கும் விசாரணை முடியும்வரை, என்னிடமிருந்து பெற்றுக்கொள்ளும்படி இன்று காலை பத்தரை மணிக்கு ஆணை வந்தது. பத்து முப்பத்தைந்துக்கு ஒப்படைத்தேன்.